போதகர் போன பிறகும் சபை நிற்குமா? 1800-ல் செராம்பூரில் எழுதிய விதிகள் சொல்லும் பதில்

வேலைக்காகக் கொல்கத்தா வந்து, டாக்குரியா பக்கம் வீடு எடுத்திருக்கும் தமிழ்க் கிறிஸ்தவரா நீங்கள்? அப்படின்னா, ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போவது என்ற கேள்வி முதல் மாதமே வந்திருக்கும். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பார். ஆபீஸ் நண்பர் ஒரு இடம் சொல்வார், வாட்ஸ்அப் குழுவில் வேறொரு இடம் சொல்வார்கள். கவனித்துப் பாருங்கள், பல நேரம் அவர்கள் சொல்வது சபையின் பெயராகவே இருக்காது. "அந்த பாஸ்டரோட சர்ச்" என்று ஒரு ஆளின் பெயராகத்தான் இருக்கும்.

இது கொல்கத்தாவில் மட்டும் நடப்பதில்லை. தென் தமிழ்நாட்டில் திருமண்டலத் தேர்தல் நேரத்தில் ஊருக்குப் போனால், "நீங்க எந்த அணி?" என்பதுதான் முதல் கேள்வி. யூடியூபில் ஒரு போதகரை யாராவது விமர்சித்தால், கீழே வரும் பதில்களில் பாதி அவருடைய விசுவாசிகளின் கோபமாக இருக்கும். கடவுள்மேல் இருக்க வேண்டிய விசுவாசம் எப்போது ஆள்மேல் இடம் மாறியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு சபையில் உங்கள் காணிக்கை இருக்கிறது. உங்கள் கல்யாணமும், பிள்ளைகளின் ஞானஸ்நானமும், தாத்தாவின் கல்லறையும் அங்கேதான். பெரிய சபைகள் என்றால் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் என்று பொதுச் சொத்தும் உண்டு. எல்லாம் ஒரே ஆளை நம்பி நின்றால், அவர் விலகும் நாளில், தவறும் நாளில், அல்லது இறக்கும் நாளில் அத்தனையும் ஆடிப்போகும்.

இதற்கு மாற்று என்ன? டாக்குரியாவிலிருந்து இரண்டு ரயிலும் ஒரு படகும் பிடித்தால் போய்விடக்கூடிய ஒரு ஊரில், 225 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விதி எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அந்த விதிகள் எங்கே வேலை செய்தன, எங்கே உடைந்தன, அதிலிருந்து ஒரு தமிழர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்று பார்ப்போம்.

இந்தப் பிரச்சினை எவ்வளவு பழசு?

கிறிஸ்தவத்தின் வயதுதான் இதற்கும். முதல் நூற்றாண்டில், கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்துச் சபை கோஷ்டிகளாகப் பிரிந்தது. ஒரு கூட்டம் பவுலின் ஆட்கள் என்றது, இன்னொன்று அப்பொல்லோவின் ஆட்கள் என்றது, மூன்றாவது கூட்டம் பேதுருவின் பெயரைச் சொன்னது. இதைக் கேள்விப்பட்டுத்தான் பவுல் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிர் கோஷ்டியைத் திட்டிவிட்டுத் தன் கோஷ்டியை அவர் தட்டிக்கொடுக்கவில்லை. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களைத்தான் முதலில் மடக்கினார். உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டது நானா என்ற பொருளில் கேட்டார். தன் ரசிகர் மன்றத்தைத் தானே கலைக்கத் துணிகிறவர்தான் நல்ல தலைவர் என்பதற்கு இது முதல் உதாரணம்.

ஆனால் ஒரு விஷயம். எல்லாத் தலைவருக்கும் பவுலின் மனசு இருக்கும் என்று நம்பி ஒரு அமைப்பை நடத்த முடியாது. நல்ல மனசு இல்லாத நாளிலும் வேலை செய்கிற மாதிரி ஏதாவது வேண்டும். அதுதான் விதி.

செராம்பூரில் என்ன நடந்தது?

டாக்குரியா ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் சியால்தா. அங்கிருந்து இன்னொரு லோக்கலில் பாரக்பூர். பாரக்பூரில் படகு ஏறி ஹூக்ளியைக் கடந்தால் எதிர்க்கரைதான் செராம்பூர், இன்றைய ஸ்ரீராம்பூர். அந்தக் காலத்தில் இது டென்மார்க்கின் வசம் இருந்த ஊர். நம்ம தரங்கம்பாடி மாதிரியே. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பாததால், டேனிஷ் கொடியின்கீழ் இடம் தேடி வந்தவர்கள் ஆங்கிலேய பாப்டிஸ்ட்கள். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்த வில்லியம் கேரி, பள்ளி ஆசிரியர் ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத் தொழிலாளி வில்லியம் வார்டு ஆகிய மூவரும் அவர்களில் முக்கியமானவர்கள்.

1800 ஜனவரி 10-ம் தேதி கேரி செராம்பூருக்கு வந்து சேர்ந்தார். அடுத்த எட்டு நாளுக்குள் அங்கிருந்த குடும்பங்கள் உட்கார்ந்து விதி எழுதிவிட்டன. வார்டு தன் நாட்குறிப்பில் ஜனவரி 18 அன்று அதைப் பதிவு செய்திருக்கிறார். அதன் சாரம் இதுதான்:

- பிரசங்கமும் ஜெபமும் முறைவைத்து எல்லோரும் செய்ய வேண்டும்.
- குடும்ப நிர்வாகம் ஒரு மாதம் ஒருவர் கையில், அடுத்த மாதம் இன்னொருவர் கையில்.
- பணப்பெட்டியும் மருந்துப் பெட்டியும் கேரியின் பொறுப்பு, நூலகம் வேறொருவர் பொறுப்பு.
- யாரும் சொந்தமாக வியாபாரம் செய்யக் கூடாது. வருவதெல்லாம் பொதுவுக்கே.
- சனிக்கிழமை மாலை, அந்த வாரத்து மனஸ்தாபங்களைப் பேசித் தீர்க்கும் நேரம்.

கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "நமக்குள்ள சண்டையே வராது" என்று அவர்கள் பாவனை செய்யவில்லை. வரும் என்று தெரிந்தே, அதற்கு ஒரு கிழமையும் நேரமும் ஒதுக்கினார்கள். ஆபீஸில் மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, கடைசியில் ராஜினாமா கடிதத்தில் கொட்டுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பண விதியும் பேச்சளவில் நிற்கவில்லை. 1801-ல் கேரிக்குக் கொல்கத்தாவின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் மாதம் 500 ரூபாய்ச் சம்பளத்தில் வங்காளி கற்பிக்கும் வேலை கிடைத்தது. அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. ஜோஷுவாவும் அவர் மனைவி ஹன்னா மார்ஷ்மனும் நடத்திய பள்ளிகளில் நல்ல வருமானம் வந்தது. வார்டின் அச்சகமும் சம்பாதித்தது. எல்லாம் பொது நிதிக்குப் போனது. குடும்பச் செலவுக்கு மட்டும் சிறு தொகை எடுத்துக்கொண்டார்கள். அதிகம் சம்பாதித்தவரும் அதிக அதிகாரம் கேட்க முடியாத ஏற்பாடு அது.

1805 அக்டோபரில் இன்னும் விரிவாக ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். சபைகளுக்கு இந்தியர்களே போதகர்களாக வளர வேண்டும் என்று அதில் எழுதினார்கள். ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமையில், ஒவ்வொரு மிஷன் நிலையத்திலும் அதை வாசிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். எழுதிப் பீரோவில் பூட்டி வைக்காமல் எல்லோர் காதிலும் விழ வைத்த விதி அது.

அப்புறம் ஏன் உடைந்தது?

இந்த இடத்தில் பல புத்தகங்கள் வேகமாகப் பக்கம் திருப்பிவிடும். ஆனால் நமக்குப் பாடம் இங்கேதான் இருக்கிறது.

முதல் வட்டத்துக்குள் விதி நன்றாகவே வேலை செய்தது. ஆண்டுகள் போகப் போக இங்கிலாந்திலிருந்து இளையவர்கள் வந்தார்கள். அவர்கள் பார்வையில், முக்கிய முடிவுகள் எல்லாம் மூத்த மூவர் கையில் இருந்தன. மார்ஷ்மன்மேல் தனிப்பட்ட புகார்களும் கிளம்பின. மூத்தவர்கள் பார்வையிலோ, தாங்கள் ரத்தம் சிந்தி உருவாக்கியதில் நேற்று வந்தவர்கள் உரிமை கேட்கிறார்கள். 1817, 1818 வாக்கில் இளையவர்கள் பிரிந்து கொல்கத்தாவில் தனியாக மிஷன் தொடங்கினார்கள், தனி அச்சகமும் வைத்தார்கள். பிரிந்தவர்களில் ஒருவர் யூஸ்டேஸ் கேரி. வில்லியம் கேரியின் சொந்த அண்ணன் தம்பி வழிப் பிள்ளை.

லண்டனுடனான உறவும் இதே காலத்தில் கசந்தது. இங்கிலாந்தில் சங்கத்தின் செயலாளராக இருந்த ஆண்ட்ரூ ஃபுல்லருக்கும் இந்த மூவருக்கும் ஆழ்ந்த நட்பு. அந்த நட்பு இருந்தவரை, செராம்பூர் சொத்து யார் பெயரில், யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்விகள் பெரிதாக எழவில்லை. 1815-ல் ஃபுல்லர் இறந்தார். புதிதாக வந்த குழுவினர் பலருக்குச் செராம்பூர்க்காரர்களை நேரில் தெரியாது. அவர்கள் கணக்கும் கட்டுப்பாடும் கேட்டார்கள். இழுபறி நீண்டு, 1827-ல் செராம்பூர் மிஷன் லண்டன் சங்கத்தை விட்டே பிரிந்தது. வார்டு 1823-லும் கேரி 1834-லும் இறந்துபோனார்கள். 1837 டிசம்பரில் மார்ஷ்மனும் இறந்த கட்டத்தில்தான் இரண்டு தரப்பும் மறுபடி சேர்ந்தன.

இந்தக் கதையில் வில்லன் யாருமில்லை. யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. வீட்டுக்குள் சண்டை தீர்க்கச் சனிக்கிழமை மாலை இருந்தது. ஆனால் புதிதாக வருகிறவருக்கும் பழையவருக்கும் இடையே, கொல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் இடையே, அப்படி எதுவும் இல்லை. அங்கெல்லாம் ஆளின் நட்பை நம்பினார்கள். அந்த ஆள் போனதும் பாலமும் போனது.

இதில் தமிழர் எங்கே வருகிறார்?

செராம்பூரிலேயே, கேரி நூலகத்தில், 1905 டிசம்பர் 25 அன்று ஒரு கூட்டம் நடந்தது. அங்கே தொடங்கியதுதான் தேசிய மிஷனரி சங்கம். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், திருச்செந்தூர் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியர்களே ஆள் அனுப்பி, இந்தியப் பணத்தில், இந்திய நிர்வாகத்தில் நடக்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. புதிதாக ஒரு சபைப் பிரிவை உண்டாக்கக் கூடாது என்பதும் கொள்கை. எத்தனை பேரைச் சேர்த்தாலும் சங்கத்தின் பெயரில் தனிச் சபை கிடையாது. ஆள் சேர்க்கும் அமைப்பு ஒன்று தனக்கென்று ஆள் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்.

1910-ல் எடின்பர்க்கில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசினார். மேல்நாட்டு மிஷனரிகள் தியாகம் செய்திருக்கிறார்கள், ஆனால் இந்தியர்களை நண்பர்களாக நடத்தவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். அரங்கம் அதிர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பர் 29 அன்று, கொல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். மைதானத்தின் தென்கோடியில், விக்டோரியா மெமோரியல் பக்கத்தில் இருக்கும் அதே பேராலயம்தான். வார இறுதியில் நீங்கள் அதன் முன்னால் செல்ஃபி எடுத்திருக்கக்கூடும்.

அவருக்குக் கிடைத்த இடம் நெல்லையோ சென்னையோ இல்லை. தெலுங்கு பேசும் தோர்ணக்கல். இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது.

28 ஆண்டுகள் எடுத்த பேச்சுவார்த்தை

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் தரப்பில் அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபை தரப்பில் வி. சந்தியாகுவும் முன்னின்றார்கள். ஐரோப்பாவில் நடந்த சண்டைகளால் உண்டான பிரிவுகளை நாம் ஏன் இங்கே சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

கேள்வி சுலபம், பதில் சுலபமில்லை. பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்யாத குருமாரை ஆங்கிலிக்கன் சபை முழுமையாக ஏற்காது. மற்ற சபைகளுக்கோ அப்படி மறுபடி அபிஷேகம் பெறுவது அவமானம், இதுவரை செய்த ஊழியம் செல்லாது என்று ஒத்துக்கொள்கிற மாதிரி. கடைசியில் கண்ட வழி இது: ஏற்கெனவே இருக்கும் குருமார் எல்லோரும் அப்படியே ஏற்கப்படுவார்கள். இனி வருகிற குருமாரைப் பேராயர்கள் அபிஷேகம் செய்வார்கள். பேராயர்களோ, சபை அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். 30 ஆண்டுகளை மாறுகாலமாக வைத்துக்கொண்டார்கள். தங்களுக்குப் பழக்கமில்லாத முறையை எந்தச் சபையார்மேலும் திணிக்க மாட்டோம் என்றும் உறுதி கொடுத்தார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாயின. வடக்கே இதே வழியில் 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் சி.என்.ஐ. உருவானது. அதில் ஆங்கிலிக்கன்களோடு பாப்டிஸ்ட்களும் சேர்ந்தார்கள். கொல்கத்தாவின் புனித பவுல் பேராலயம் இன்று சி.என்.ஐ.யுடையது.

சி.எஸ்.ஐ. பிறந்த அன்று அசரியா இல்லை. 1945 ஜனவரி 1 அன்றே இறந்துவிட்டார். கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. செராம்பூரில் ஃபுல்லர் இறந்ததும் உறவு அறுந்தது. இங்கே அசரியா இறந்தும் இணைப்பு நடந்தது. வித்தியாசம் என்னன்னா, இங்கே நட்பு மட்டும் இல்லை, பல ஆண்டுகள் வாதாடி, பல சபைகள் வாக்களித்து ஏற்ற ஒரு எழுத்து இருந்தது.

எல்லோரும் சந்தோஷமாகச் சேர்ந்தார்கள் என்றும் இல்லை. ஆந்திராவின் நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கன்களில் பெரும் பகுதியினர் பல ஆண்டுகள் சேர மறுத்தார்கள்.

ஆனா, சி.எஸ்.ஐ.யிலேயே வழக்கு நடக்குதே?

நியாயமான கேள்வி. பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தமும், 2023 ஜனவரியில் நடந்த நிர்வாகிகள் தேர்தலும் நீதிமன்றம் ஏறின. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐக்கியத்துக்காகப் பிறந்த சபையின் நிர்வாகத்தைக் கோர்ட் பார்க்க வேண்டி வந்தது வருத்தமான விஷயம்தான்.

சுயாதீன சபைகளில் இருப்பவர்கள் இதைக் காட்டி, "கமிட்டி வைச்சா இப்படித்தான். எங்க பாஸ்டர் ஒருத்தர் முடிவெடுப்பார், வேலை நடக்கும்" என்பார்கள். அதில் பாதி உண்மை. விதி இருந்தால் சண்டை வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. விதிப்புத்தகம் கையில் இருந்தும், தேர்தலில் ஆளைப் பார்த்து அணி கட்டினால் கொரிந்து திரும்பி வந்துவிடும்.

மற்ற பாதியையும் பாருங்கள். அந்த வழக்கை ஒருவர் போட முடிந்ததே எழுதி வைத்த அரசியலமைப்பு இருந்ததால்தான். திருத்தம் சரியான முறையில் நடந்ததா என்று கேட்க, முறை என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? சி.எஸ்.ஐ. சொத்து எந்தப் பேராயரின் பெயரிலும் இல்லை, அதற்கென்று பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கத்தின் பெயரில் இருக்கிறது. போதகரும் குடும்பத்தாரும் மட்டுமே இருக்கும் டிரஸ்ட் என்றால், கேள்வி கேட்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பார்? அங்கே ஒரே வழி வெளியேறுவது. அதனால்தான் அப்படிப்பட்ட சபைகளில் கருத்து வேறுபாடு வந்தால், பக்கத்துத் தெருவில் இன்னொரு சபை முளைக்கிறது.

உங்கள் சபையில் எதைப் பார்க்கலாம்?

டாக்குரியாவில் தேடினாலும் தாம்பரத்தில் தேடினாலும், பிரசங்கம் எப்படி, பாட்டு எப்படி என்று பார்ப்பதோடு இவற்றையும் கேளுங்கள்:

- இடம், சொத்து யார் பெயரில்? டிரஸ்ட் என்றால் உறுப்பினர்கள் யார் யார்?
- வரவு செலவு யார் முன்னால் வாசிக்கப்படுகிறது? காணிக்கை போடுகிறவர் கணக்குக் கேட்பது அவிசுவாசம் இல்லை.
- பொறுப்பு கை மாறுகிறதா? கத்தோலிக்க ஆயர்கள் 75 வயதில் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும் என்று சபைச் சட்டமே சொல்கிறது. சி.எஸ்.ஐ. குருவானவருக்குச் சேகரம் மாறும். உங்கள் சபையில் அப்படி என்ன இருக்கிறது?
- மனஸ்தாபத்தை எங்கே பேசுவது? "பாஸ்டர்கிட்டயே பேசுங்க" என்பது மட்டும் பதில் என்றால், பாஸ்டரோடுதான் மனஸ்தாபம் என்கிறபோது என்ன செய்வீர்கள்?
- நேற்று வந்தவருக்குப் பேச இடம் உண்டா? செராம்பூர் தவறிய இடம் இதுதான்.

சபைக்கே போகாதவர் நீங்கள் என்றாலும், வெளியூர்த் தமிழ்ச் சங்கம், அப்பார்ட்மென்ட் அசோசியேஷன், நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி என்று எதை வைத்தும் இந்த ஐந்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

பிடித்த போதகரை நேசிப்பதில் தவறே இல்லை. அவர் பெயரைச் சொல்லாமல் உங்கள் சபையை ஒரு புதியவருக்கு விளக்க முடிகிறதா என்று மட்டும் ஒருமுறை முயன்று பாருங்கள். முடியவில்லை என்றால், அடுத்த சபைக் கூட்டத்தில் மேலே இருக்கும் கேள்விகளில் ஒன்றையாவது மரியாதையாக எழுப்புங்கள். நல்ல தலைவர் என்றால், அந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்வார்.